முன்பக்கத் தூண்கள்

ஓசூர்
11.2.2024

அன்புள்ள தங்கை எஸ்லினுக்கு,

அண்ணன் எபினேசர் எழுதுவது. கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் காலையில் பத்து நிமிடம் வலித்துவிட்டு அடங்குகிறது. உன் காது இரைச்சல் எப்படி இருக்கிறது? உனக்குக் காது கேளாமல் போன பிறகு நாம் மறுபடி கடிதத்துக்கு வந்துவிட்டோம். போனில் என் பேச்சை நடுவிலேயே வெட்டுவாய். இதில் அது முடியாது.

போன ஞாயிறு உன் மகள் கெசியா பெங்களூரிலிருந்து வந்தாள். அப்பாவின் லாட்ஜைத் திறந்து காட்டச் சொன்னாள். பூட்டி எட்டு வருடம் ஆகிறது. நான்கு தளமும் புறா எச்சம். நடுவில் வெளிச்சத்துக்காக விட்ட சதுர வெளியில் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கிறது. அதன் அடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இடிச்சு வித்துடலாம்னு இருந்தேன்மா" என்றேன்.

"இடிச்சா அத்தனையும் குப்பை மாமா. லாரி லாரியா கொண்டுபோய் ஏதாவது ஏரியில கொட்டுவாங்க. சிமெண்டு, கம்பி எல்லாம் எப்பவோ எரிச்சு உருக்கி செஞ்சது. அதை வெச்சுக்கறதுதான் பூமிக்கு நல்லது" என்றாள்.

அவள் திட்டம் இதுதான். சூளகிரிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் பெண்களுக்கு விடுதி. முப்பத்தாறு அறை, எழுபத்திரண்டு பேர். ஒவ்வொரு மாடியிலும் நடு வெளியைச் சுற்றிய நடைபாதை நெடுகத் தொட்டி கட்டி, மண் நிரப்பி, தோட்டம். குளித்த தண்ணீரைக் கல்வாழை வேரில் வடிகட்டி அதற்கே பாய்ச்சுவது. மேலே கண்ணாடிக் கூரை. வெயில் காலத்திலும் உள்ளே மின்விசிறி போதுமாம்.

நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது. எனக்கு இதில் எவ்வளவு தெரியும் என்று சொல்ல முடியாது. அரசு வேலையில் முப்பத்தைந்து வருடம் பார்த்ததெல்லாம் கால்வாயும் சிறு பாலமும்தான்.

கட்டடத்தின் வரைபடத்தைக் கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது பீரோவின் மேல்தட்டில்தான் இருக்கிறது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு. ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
எபினேசர்


சிங்காரப்பேட்டை
20.2.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

எஸ்லின் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். நான் நலம். இரைச்சல் அப்படியே இருக்கிறது. அதற்கு நான் பழகிவிட்டேன், அதுவும் எனக்குப் பழகிவிட்டது.

கெசியா லாட்ஜிலிருந்து நேராக இங்கே வந்தாள். ராத்திரி உட்கார்ந்து தாளில் தொட்டி தொட்டியாக வரைந்து காட்டினாள். எனக்குக் கேட்காது என்பதை மறந்து பேசிக்கொண்டே போனாள். நானும் நிறுத்தவில்லை. உனக்கே தெரியும், முதலில் பார்த்த அந்தக் கட்டட வடிவமைப்பு வேலையை விட்ட பிறகு இரண்டு வருடம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த பெண். சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவேன். இப்போது பெங்களூரில் சொந்த அலுவலகம் வைத்து, தலை வாரிக்கொண்டு, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நிற்கிறாள்.

வரைபடத்தைத் தேடுகிறாயாமே. ஒரு ரசீது காணாமல் போனால் மூன்று நாள் தூங்காதவன் நீ. உன் பீரோவில் ஒன்று தொலையுமா? எடுத்துக் கொடு. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற உன் சந்தேகத்தை அவள் மேல் கொட்டாதே. அப்பா கட்டிய கட்டடம், நீ கணக்குப் போட்ட கட்டடம். உனக்கு வேண்டாம் என்றால் அப்பாவுக்காகச் செய்.

வெயில் ஏறிவிட்டது. தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ.

தங்கை,
எஸ்லின்


ஓசூர்
17.4.2024

அன்புள்ள எஸ்லின்,

இங்கே ஒன்றும் குறைவில்லை. நீ அனுப்பிய புளியும் ஊறுகாயும் சேர்ந்தன.

வரைபடத்தைக் கொடுத்துவிட்டேன். கெசியா அதைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, மண்டியிட்டுப் பார்த்தாள். "மாமா, இது உங்க கையெழுத்தா? அச்சு மாதிரி இருக்கு" என்றாள்.

நேற்று அவளுடைய கட்டமைப்புப் பொறியாளர் வெங்கட் என்பவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல மரியாதை. கட்டடத்தில் பதினாறு தூண். அதில் இரண்டின் பூச்சை உடைத்து உள்ளே இருக்கும் கம்பியைப் பார்க்க வேண்டும் என்றார்.

"டிராயிங்கே இல்லாத பில்டிங்னா பதினாறையும் பாக்கணும் சார். இவ்வளவு பக்காவா இருக்கே, சாம்பிளுக்கு ரெண்டு போதும். நீங்கதானே நின்னு கட்டினது, எதை ஒடைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

முன்பக்கத் தூண்கள் இரண்டைக் காட்டினேன். உடைத்தார்கள். தூணுக்கு எட்டுக் கம்பி, இருபது மில்லிமீட்டர் கனம், வரைபடத்தில் இருந்தபடியே. துருவும் இல்லை. வெங்கட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கெசியா எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள்.

இரவு ரசம் மட்டும் சாப்பிட்டேன். வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்,
எபினேசர்


ஓசூர்
2.6.2024
(அப்போது அனுப்பவில்லை)

அன்புள்ள எஸ்லின்,

சுகம் விசாரிக்கிற வரிகளை இன்று விட்டுவிடுகிறேன். அதில் தொடங்கினால் அதிலேயே முடித்துவிடுவேன்.

முதலில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். 1983இல் அப்பாவுக்காக நான் கணக்குப் போட்டது தரைத்தளமும் முதல் மாடியும் மட்டும். தூணுக்கு நான்கு கம்பி, பன்னிரண்டு மில்லி. நாலடிக்கு நாலடி அஸ்திவாரம். இரண்டு தளத்துக்கு அது போதும்.

1991இல் நான் பாரூர் ஏரிக் கால்வாய் வேலையில் இருந்தேன். நான்கு மாதம் ஊருக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் லாட்ஜ் நான்கு தளமாக நிற்கிறது. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பையன்கள் குவிந்துகொண்டிருந்த நேரம், அறை கேட்டு வாசலில் நிற்பார்கள். அப்பாவும் திம்மப்பன் மேஸ்திரியும் மொட்டை மாடியில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். "எப்படிடா இருக்கு?" என்றார் அப்பா. "நல்லா இருக்குப்பா" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

அடுத்த மாதம், நான்கு தளத்துக்கும் அனுமதி வாங்க வரைபடம் வேண்டும் என்றார். வரைந்தேன். பரீட்சையில் விடை எழுதுவது போல, நான்கு தளக் கட்டடத்துக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. எட்டுக் கம்பி, ஆறடி அஸ்திவாரம். தூணின் வெளி அளவை மாற்றவில்லை. உள்ளே இருப்பதைத்தான் மாற்றினேன். உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்.

1995இல் கீழே ஒரு பேக்கரிக்கு வாடகைக்கு விட முன்பக்கத்தை அகலப்படுத்தியபோது விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். அந்த இரண்டு தூண்களை மட்டும் இடித்து, எட்டுக் கம்பி வைத்து, அஸ்திவாரம் அகட்டிப் புதிதாக வார்க்க வைத்தேன். மீதியையும் செய்வோம் என்றேன். "பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தார் அப்பா. நானும் சேர்ந்து சிரித்தேன்.

வெங்கட் எந்தத் தூண் என்று கேட்டபோது என் கை முன்பக்கம் நீண்டது. யோசித்து நீட்டினேனா, பழக்கத்தில் நீண்டதா என்று ஏப்ரலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். யோசித்துத்தான் நீட்டினேன்.

இப்போது கணக்கு. ஈர மண் ஒரு கன அடி ஐம்பது கிலோ. மூன்று மாடியிலும் சேர்த்துத் தொட்டிகளின் நீளம் இருநூற்று நாற்பது அடி. ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். இருபத்தேழு டன். லாட்ஜாக இருந்தபோது இல்லாத இருபத்தேழு டன்.

பின்பக்கத் தூண்களின் தலைப்பில், உத்திரம் சேரும் இடத்தில், மயிரிழை விரிசல்கள் உண்டு. நான்கு இடத்தில் விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதியிருக்கிறேன். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். எங்கள் பாலங்களில் செய்வது. இதுவரை உடையவில்லை.

கெசியாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் வேலை நின்றுவிடும். நீ எழுதியிருந்த அந்தக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். அப்பாவின் பெயர் போகும். என் பெயரும்தான். எதை நினைத்துப் பயப்படுகிறேன் என்று பிரித்துப் பார்க்கிறேன். கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

எபினேசர்


ஓசூர்
9.6.2024

அன்புள்ள மருமகள் கெசியாவுக்கு,

மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ வெயிலில் அலைவது கவலையாக இருக்கிறது. மோராவது குடி.

உன் வேலையில் தலையிடுவதாக நினைக்காதே. வயதானவனுக்குத் தோன்றிய பதினோரு சிறு சந்தேகங்களைத் தனித்தாளில் வரிசையாக எழுதி இணைத்திருக்கிறேன். சன்னல் கீல், மழைநீர்க் குழாயின் வளைவு, கொசுவலை இப்படி. ஒன்பதாவதை மட்டும், நேரம் இருந்தால், வெங்கட்டிடம் காட்டு. தொட்டியில் மண் ஒன்றரை அடிக்குப் பதில் அரை அடி போதாதா என்று கேட்டிருக்கிறேன். கட்டடம் பழையது என்பதால் ஒரு தயக்கம், வேறொன்றும் இல்லை. என் கணக்கு தவறாகவும் இருக்கலாம். அவர் சொல்வதே சரியாக இருக்கும்.

மாமா


பெங்களூர்
15.6.2024

அன்புள்ள மாமா,

நலம். நீங்கள் போனில் எழுத்தைத் தட்டுவதில்லை என்பதால் நானும் தபாலுக்கு வந்துவிட்டேன், அம்மாவுக்குச் சிரிப்பு.

உங்கள் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பத்தை ஏற்றுக்கொண்டோம். ஒன்பதாவதுக்கு வெங்கட்டின் பதில் அப்படியே: "சார் டிராயிங்படி பார்த்தா இதைப்போல ரெண்டு பங்கு தாங்கும். சார்கிட்ட சொல்லுங்க, அவரோட பில்டிங் மேல எங்களுக்கு இருக்கற நம்பிக்கை அவருக்கே இல்லை."

உங்களைப் போல ஒருவர் ஒவ்வொரு பழைய கட்டடத்துக்கும் இருந்தால் எதையுமே இடிக்க வேண்டியதில்லை மாமா.

கெசியா


ஓசூர்
22.9.2024

எஸ்லின்,

இத்துடன் இருப்பது ஜூன் மாதம் எழுதியது. அஞ்சல் தலை ஒட்டி மூன்று மாதமாக மேசையில் இருந்தது. இன்று தொட்டிகளில் மண் நிரப்பத் தொடங்கிவிட்டார்கள். படித்துவிட்டுக் கெசியாவிடம் கொடுத்துவிடு. என்னால் நேராகக் கொடுக்க முடியவில்லை. உன் கையால் போனால் அவளுக்கு அதிர்ச்சி குறையும் என்று நினைக்கிறேன். அதுவும் என் சௌகரியத்துக்கு நினைப்பதுதான்.

சீக்கிரம் பதில் எழுது.

எபினேசர்


சிங்காரப்பேட்டை
3.11.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

எஸ்லின் எழுதுவது. மழையில் எனக்குச் சளி பிடித்து இப்போது தேவலை. உன் முழங்காலுக்கு நொச்சித் தைலம் கொடுத்தனுப்புகிறேன்.

டிசம்பர் ஒன்றாம் தேதி விடுதி திறப்பு. பாதிரியார் ஜெபம் செய்து திறப்பார். உனக்கு முன்வரிசை நாற்காலி. என் எதிர்வீட்டு மோகனப்ரியாவுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. செல்போன் பாகம் பொருத்துகிற கம்பெனியில் வேலை. அவள் அம்மா என்னிடம் வந்து அழுதுவிட்டுப் போனாள். இவ்வளவு பத்திரமான இடத்தில் பெண்ணை விடுவோம் என்று நினைக்கவே இல்லையாம்.

உன் கடிதம் வந்தது. அன்று கெசியா இங்கேதான் இருந்தாள். "யாரும்மா?" என்று சைகையில் கேட்டாள். மாமாவுக்கு மூட்டு வலி என்றேன்.

ஆறு வாரமாக என்ன எழுதுவது என்று யோசித்தேன். முப்பத்து மூன்று வருடமாக நிற்கிறது அண்ணா. லாட்ஜில் ஒரு காலத்தில் நூற்றைம்பது பையன்கள் அடைந்து கிடந்தார்கள். ஒரு காரை பெயர்ந்து விழுந்ததில்லை. நீ பயந்ததில் எத்தனை நடந்திருக்கிறது, எண்ணிப் பார். எனக்குக் கல்யாணமானபோது பந்தல் சாயும் என்று ராத்திரி முழுக்க மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ.

அவள் சிரிக்கிறாள். எனக்குக் காது கேட்காது, ஆனால் வாயைப் பார்த்தால் தெரிகிறதே. இதை நான் அவள் கையில் கொடுக்க மாட்டேன். கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் அதையே செய்ததாக நினைத்துக்கொள்.

தங்கை,
எஸ்லின்


ஓசூர்
8.12.2024

அன்புள்ள எஸ்லின்,

சுகம். திறப்பு விழாவில் உன்னோடு சரியாகப் பேச முடியவில்லை. நீ கூட்டத்தில் இருந்தாய். நான் பின்வரிசைக்குப் போய்விட்டேன்.

அழகாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். நான்கு தளமும் ஒரே பச்சை. பெரணி, வெற்றிலை, புதினா, மூன்றாம் மாடியிலிருந்து கீழே வரை தொங்கும் ஒரு கொடி, பெயர் தெரியவில்லை. இரவுப் பணி முடிந்து வரும் பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடைபாதையில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். இதுவரை ஐம்பத்தெட்டு பேர் வந்திருக்கிறார்கள்.

நான் தினமும் காலை ஆறரைக்குப் போகிறேன். செடிகளுக்குத் தண்ணீர் விட வெங்கடம்மாள் என்று ஒரு அம்மாள், சூளகிரிக்காரி, வீட்டில் தெலுங்கு. நான் பின்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஏன் சார், வந்தா ஒரு பூவைப் பாக்கறதில்ல, செடியைப் பாக்கறதில்ல. செவுத்தையே மொறைக்கறே. செவுரு ஒனக்கு என்ன துரோகம் பண்ணிச்சு?"

"கண்ணாடி சரியா இருக்கான்னு பாக்கறேம்மா."

"இந்தத் துண்டுக் கண்ணாடியிலயா? மூஞ்சி பாக்கணும்னா கீழ பாத்ரூம்ல பெருசா மாட்டியிருக்காங்க. போய்ப் பாரு."

நான்கும் உடையாமல் இருக்கின்றன. உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பாரம் இறங்கினது போல இருந்தது. உன்னிடம் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. நீ எரித்ததாகச் சொன்னாய். பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் எதற்கும் பிரதி வைப்பவன் என்பதை மறந்துவிட்டாய்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியுமா என்று பார்க்கிறேன்.

எபினேசர்


ஓசூர்
19.1.2025

கெசியாவுக்கு,

நேரில் பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதிக்கொண்டு உன் அலுவலகத்துக்கு வந்திருக்கிறேன். நீ படித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்று. நான் கொடுத்த வரைபடம் பொய். இரண்டாம் மாடியும் மூன்றாம் மாடியும் கணக்கில்லாமல் எழுப்பியவை. பதினான்கு தூண்களில் இருப்பது வரைபடத்தில் உள்ள கம்பி அல்ல, அதில் கால்வாசியும் இல்லை.

இரண்டு. வெங்கட் உடைத்துப் பார்த்த இரண்டும் பின்னால் புதிதாக வார்த்தவை. அது தெரிந்துதான் அவற்றைக் காட்டினேன்.

மூன்று. பின்பக்கத் தூண்களில் நான் ஒட்டிய கண்ணாடிகளில் ஒன்று 14ஆம் தேதி உடைந்தது. பொங்கல் வெடி அதிர்வில் உடைந்தது என்று நினைத்தேன். 17ஆம் தேதி இரண்டாவது. இன்று காலை மூன்றாவது. விரிசலில் தபால் அட்டை நுழைகிறது.

நான்கு. பெண்களை இன்றே வெளியேற்று. செடிக்குத் தண்ணீர் விடாதே. வெங்கடம்மாளை உள்ளே அனுப்பாதே.

இதில் என் கணக்குத் தவறு என்று எதுவும் இல்லை.

எபினேசர்


ஓசூர்
16.2.2025

அன்புள்ள எஸ்லின்,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மோகனப்ரியாவின் அம்மாவையாவது ஒரு வரி எழுதச் சொல்.

நடந்ததைக் கெசியா சொல்லியிருப்பாள், அல்லது சொல்லியிருக்க மாட்டாள். என் பங்கை எழுதிவிடுகிறேன். அவள் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். வெங்கட்டுக்குப் போன் செய்தாள், பிறகு விடுதிக்கு. காரில் ஓசூருக்குக் கிளம்பினோம். அத்திப்பள்ளி தாண்டும்போது கேட்டாள்.

"எந்தத் தூண்னு வெங்கட் கேட்டப்போ, தெரிஞ்சேதான் காட்டினீங்களா?"

"ஆமா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அதை நீ அப்படியே வைத்துக்கொள். ஒருவர் மேல் இருப்பதை இருவராகச் சுமப்பதில் லாபம் இல்லை.

மாலை ஐந்து மணிக்குள் ஐம்பத்தெட்டு பேரும் பெட்டி, வாளி, பாயோடு தளி ரோட்டில் நின்றார்கள். இரவுப் பணி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்களைத் தட்டி எழுப்பினோம். ஒரு பெண் நைட்டியோடு புதினாத் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கே போவது என்று கேட்டார்கள். கெசியா கம்பெனிகளுக்குப் போன் செய்தாள். இரண்டு கம்பெனி வேன் வந்து சிலரை ஏற்றிக்கொண்டது. மற்றவர்கள் இருட்டும் வரை நின்றார்கள்.

இப்போது வாசலில் சீல் வைத்திருக்கிறார்கள். யாருக்கும் காயமில்லை. அது ஒன்றுதான். கட்டடம் இன்னும் நிற்கிறது. உள்ளே கம்பு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தோட்டம் காய்கிறது. பேக்கரிப் படியில் நின்றால் கதவின் கண்ணாடி வழியாகத் தரைத்தளம் மட்டும் தெரியும். மேலிருந்து உதிரும் இலை அங்கேதான் விழுகிறது. வெங்கடம்மாள் நேற்று வந்து நின்றாள்.

"ஒரு வாளி தண்ணி சார். ஓடிப்போய் ஊத்திட்டு ஓடி வந்துடறேன்."

"கூடாதும்மா. அந்தத் தண்ணியும் எடைதான்."

"செடி என்ன பாவம் பண்ணிச்சு? பாவம் பண்ணவங்க எல்லாம் வெளியில நிக்கறாங்க, அது உள்ள மாட்டிக்கிச்சு" என்றாள். அவளுக்கு வேறு வேலையும் கிடைக்கவில்லை.

ஒரு வரியாவது எழுது.

எபினேசர்


சிங்காரப்பேட்டை
9.4.2025

எபினேசர் மாமாவுக்கு,

அம்மா நலமாக இருக்கிறார்கள். உங்கள் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. அவர்கள் பதில் எழுத மாட்டார்கள். அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதை என்னிடம் சொல்லிவிட்டார்கள். நீங்கள் இல்லை என்றீர்கள், அதையும் குறித்துக்கொண்டேன். இருவருமாகச் சேர்ந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். ஐம்பத்தெட்டு பேர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இடிக்க உத்தரவாகிவிட்டது. வெங்கட் கணக்குப்படி நூற்றுப்பத்து லாரி இடிபாடு வரும். எந்த ஏரியில் கொட்டுவார்களோ தெரியாது.

நான் கட்டட வேலையை விட்டுவிட்டேன். இங்கேதான் இருக்கிறேன்.

ஒரே ஒரு உதவி. பக்கத்துக் கட்டடங்கள் ஒட்டியபடி இருப்பதால், தூண்களுக்குள்ளும் அஸ்திவாரத்திலும் உண்மையில் என்ன இருக்கிறது என்று இடிக்கும் ஆட்களுக்குத் தெரிய வேண்டும். உண்மையான வரைபடத்தை அனுப்புங்கள்.

கெசியா


ஓசூர்
14.4.2025

அன்புள்ள கெசியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அம்மாவைக் கடிந்துகொள்ளாதே என்று எழுத எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நீ கேட்டதற்கு இரண்டு நாள் உட்கார்ந்தேன். உண்மையான வரைபடம் என்று ஒன்று இல்லை. 1983இல் போட்ட கணக்குத் தாள்களை, பொய் வரைபடம் அனுமதி பெற்ற அன்றே அப்பா வாங்கிக் கிழித்துவிட்டார். கொடுத்தவன் நான். அதற்கு மட்டும் பிரதி வைக்கவில்லை.

திம்மப்பன் மேஸ்திரியைத் தேடிச் சூளகிரிக்குப் பஸ்ஸில் போனேன். இருக்கிறார். வயது தொண்ணூற்றுக்கு மேல். கன்னடத்தில் பேரன் கத்திக் கத்திக் கேட்டான். அவர் என்னைப் பார்த்து, "ஜெபதுரை மகனா? உன் அப்பா எத்தனை மாடி கேட்டாலும் கட்டுவேன்" என்றார். கீழ்த்தூண்களுக்குக் கம்பி சேர்த்தாரா, அஸ்திவாரத்தைத் தொட்டாரா என்று மூன்று விதமாகக் கேட்டேன். கடைசியில் என் கையைத் தடவிக்கொடுத்து, மாப்பிள்ளை என்றார். வேறு யாரோ என்று நினைத்துவிட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

எனவே புதிதாக ஒரு தாள் வரைந்து இணைத்திருக்கிறேன். பதினாறு தூண்களும் அவற்றின் இடத்தில் இருக்கின்றன. முன்பக்கத் தூண்கள் இரண்டுக்கு நேராகக் கம்பியும் அஸ்திவார அளவும் எழுதியிருக்கிறேன், அவை நிச்சயம். மீதிப் பதினான்கில் நான்கு கம்பி என்று முதலில் எழுதினேன். இரண்டாம் மாடி ஏற்றும்போது அவர்கள் எதையாவது இடித்துச் சேர்த்தார்களா, தூணை மாற்றினார்களா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதக்கூடாது. அழித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராகத் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். பதினான்கு முறை. கீழே கையெழுத்தும் இருக்கிறது. உனக்கு எந்த இடத்தில் காட்ட வேண்டுமானாலும் காட்டு.

இடிப்பவர்களிடம் ஒன்று சொல். கட்டடத்தைத் தெரிந்தவர் யாராவது உண்டா, எங்கிருந்து தொடங்கலாம் என்று விசாரிப்பார்கள். அது அவர்கள் வழக்கம். என்னிடம் கேட்க வேண்டாம் என்று சொல்.

மாமா